மோட்டார் இருந்த இடம்

ஃபிலிம் கேமராவுக்குப் பழைய ஆட்டோஃபோகஸ் ஜூம் லென்ஸ் ஒன்றைத் தேடுபவர், கண்ணாடியின் தெளிவைப் பார்ப்பதற்கு முன்பே லென்ஸைத் திருப்பி அதன் பின்புறத்தைப் பார்ப்பது நல்லது. கேமராவோடு பொருந்தும் வளையமாகிய மவுண்டில், திருப்புளி முனை பொருந்துமளவுக்கு ஒரு சிறு பிளவு தெரிந்தால், அந்த லென்ஸின் குவியத்தை நகர்த்தும் மோட்டார் கேமராவின் உடலுக்குள் இருக்கிறது என்று பொருள். பிளவு எதுவுமின்றி மின்தொடு புள்ளிகள் மட்டும் வரிசையாக இருந்தால், மோட்டார் லென்ஸுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இந்தச் சிறு வேறுபாடு 1985க்கும் 1987க்கும் இடைப்பட்ட காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் எடுத்த முடிவுகளின் எச்சம். எந்த லென்ஸ் எந்த உடலில் இயங்கும், எது இன்று மலிவு, எது விலையேறிப் போனது என்ற கேள்விகளில் பலவற்றுக்கு விடை அந்த முடிவுகளிலேயே கிடைக்கிறது.

ஜூம் லென்ஸும் ஆட்டோஃபோகஸும் வெவ்வேறு வழியில் வந்து பிற்பாடு சேர்ந்தவை. குவியத் தூரம், அதாவது காட்சியை அருகே இழுத்தோ அகல விரித்தோ காட்டும் லென்ஸின் அளவு, ஒரே குழலுக்குள் மாறும்படி அமைந்ததே ஜூம் லென்ஸ். 35 மி.மீ. ஃபிலிமைப் பயன்படுத்தும் நிழற்படக் கேமராவுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஜூம், ஃபிராங்க் பேக் வடிவமைத்து 1959இல் வோய்க்ட்லெண்டர் பெயரில் வெளியான 36-82 மி.மீ. ஜூமார் ஆகும். அடுத்த சில ஆண்டுகளில் நிக்கான் கொண்டுவந்த 43-86 மி.மீ. லென்ஸ் ஏராளமாக விற்றது. நேர்கோடுகளை வளைத்துக் காட்டியதற்காக அதே அளவுக்குப் பழியும் தேடிக்கொண்டது. ஜூம் என்றால் வசதி, ஆனால் தரக்குறைவு என்ற எண்ணம் தொழில்முறைப் படக்காரர்களிடையே நெடுங்காலம் நிலைத்ததற்கு இத்தகைய முதல் தலைமுறை லென்ஸ்களே பெரும் காரணம். கணினி வழி வடிவமைப்பு பரவிய 1970களில் அந்த எண்ணம் மெல்லத் தளர்ந்தது.

ஆட்டோஃபோகஸின் தொடக்கமோ லென்ஸ் மாற்றும் வசதியே இல்லாத சிறு கேமராவில் நிகழ்ந்தது. லைக்கா கேமராக்களைத் தயாரித்த ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் 1960களிலேயே இத்துறையில் ஆய்வு நடத்திக் காப்புரிமைகளும் பெற்று, 1976ஆம் ஆண்டு ஃபோட்டோகினா கண்காட்சியில் மாதிரி ஒன்றையும் காட்டியது. ஆயினும் அதைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் உருவாக்கிய உணரித் தொகுதியைப் பொருத்திக்கொண்டு 1977இல் வெளிவந்த கோனிகா சி35 ஏஎஃப், பெருமளவில் விற்பனையான முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா என்ற இடத்தைப் பெற்றது.

லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய எஸ்.எல்.ஆர். கேமராவில், அதாவது படமெடுக்கும் லென்ஸ் வழியாகவே ஆடி ஒன்றின் உதவியோடு காட்சியைக் காணும் வகைக் கேமராவில், இதைச் செய்வது வேறு விதமான சிக்கலாக இருந்தது. லென்ஸுக்கு லென்ஸ் கண்ணாடிகளின் எடை வேறு, அவை நகர வேண்டிய தூரம் வேறு. பென்டாக்ஸ் 1981இல் வெளியிட்ட எம்இ-எஃப் உடலோடு 35-70 மி.மீ. எஃப்/2.8 ஜூம் ஒன்றும் வந்தது. மோட்டாரும் மின்கலங்களும் அந்த லென்ஸின் அடியில் ஒரு பெட்டியாகத் தொங்கின. நிக்கான் 1983இல் எஃப்3ஏஎஃப் உடலுக்கென 80 மி.மீ., 200 மி.மீ. என இரண்டு லென்ஸ்களை மட்டும் தந்தது. கேனான் 1985இல் டி80 உடலுக்கு மோட்டார் பொருத்திய மூன்று லென்ஸ்களைத் தந்து விரைவிலேயே அந்த வரிசையைக் கைவிட்டது. மூன்றிலும் மோட்டார் லென்ஸுக்குள்தான் இருந்தது, மூன்றும் பழைய மவுண்டிலேயே புதிய வேலையை ஒட்டுப்போட முயன்றன, மூன்றும் சந்தையில் தோற்றன. இன்று இவை சேகரிப்பாளரின் அலமாரிக்கு உரியவை. படமெடுக்க லென்ஸ் வாங்குபவர் இவற்றைக் கடந்து போய்விடலாம்.

திருப்பத்தை ஏற்படுத்தியது மினோல்ட்டா. 1985இன் தொடக்கத்தில் வந்த அதன் 7000 என்னும் கேமரா, ஜப்பானில் ஆல்ஃபா என்றும் அமெரிக்காவில் மேக்ஸம் என்றும் பெயர் பெற்றது. அமெரிக்கப் பெயரில் இரண்டு எக்ஸ் எழுத்துகளும் பின்னிக்கொண்டு நின்றதை எண்ணெய் நிறுவனமான எக்ஸான் ஆட்சேபித்ததால் எழுத்தமைப்பு மாற்றப்பட்டது. மாற்றத்துக்கு முந்தைய உடல்களுக்குச் சேகரிப்பாளர்கள் தனி மதிப்பு வைத்திருக்கிறார்கள், அதனால் படம் ஒன்றும் மேம்படுவதில்லை என்றாலும். மினோல்ட்டாவின் பொறியாளர்கள் மோட்டாரை லென்ஸிலிருந்து எடுத்து உடலுக்குள் வைத்தார்கள். மவுண்டின் முகத்தில் துருத்தி நிற்கும் ஒரு சிறு தண்டு லென்ஸின் பிளவுக்குள் நுழைந்து, திருப்புளி திருகுவதுபோல் குவியத்தைத் திருகியது. லென்ஸுக்குள் இருந்தவை பல்சக்கரங்களும் தன்னைப் பற்றிய விவரங்களை உடலுக்குச் சொல்லும் ஒரு மின்னணுச் சில்லும் மட்டுமே. ஒரு மோட்டார் எல்லா லென்ஸுக்கும் பொதுவானதால் லென்ஸின் எடையும் விலையும் குறைந்தன. முதல் ஆண்டிலேயே பல ஜூம் லென்ஸ்களை அடுக்கிக்காட்ட நிறுவனத்தால் முடிந்தது.

எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை உடல் கண்டறிந்த முறைக்குக் கட்ட வேறுபாட்டு முறை என்று பெயர். லென்ஸின் எதிரெதிர் ஓரங்களின் வழியே வரும் ஒளியைப் பிரித்து, உணரிகளின் வரிசை மீது இரண்டு சிறு பிம்பங்களாக விழச் செய்து, அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்தால், குவியம் முன்னே விழுகிறதா பின்னே விழுகிறதா, எத்தனை தொலைவு என்பது ஒரே அளவீட்டில் தெரிந்துவிடும். இந்த முறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்த ஓரங்கள் போதிய அளவு விலகியிருக்க வேண்டுமென்பதால், பெரும்பாலான உடல்களின் உணரிகள் எஃப்/5.6 வரையிலான துளைக்கே வடிவமைக்கப்பட்டன. அபெர்ச்சர் எனப்படும் ஒளித்துளையின் அளவைக் குறிக்கும் இந்த எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறிதாகும். பழைய ஜூம்களில் மிகப் பெரும்பாலானவை நீண்ட முனையில் எஃப்/5.6இல் வந்து நிற்பதற்கும், எஃப்/6.3 என்று பொறித்த மலிவான பிற நிறுவன லென்ஸ்கள் மங்கிய ஒளியில் பழைய உடல்களைத் தடுமாற வைப்பதற்கும் இதுவே காரணம். பழைய உடலுக்கு ஜூம் வாங்குபவர் கூர்மையைப் பற்றிய மதிப்பீடுகளைப் படிக்கும் முன் இந்த எண்ணைப் படிப்பது பயன் தரும்.

மினோல்ட்டாவின் முடிவுக்கு ஒரு விலை இருந்தது. 1958 முதல் வழக்கிலிருந்த எஸ்ஆர் மவுண்ட் கைவிடப்பட்டு ஏ மவுண்ட் வந்தது. மவுண்டின் முகத்திலிருந்து ஃபிலிம் தளம் வரையுள்ள தூரம் பழையதில் 43.5 மி.மீ., புதியதில் 44.5 மி.மீ.; அந்த ஒரு மில்லிமீட்டர் கூடுதலால், இடையில் கண்ணாடி சேர்க்காத எந்த இணைப்பு வளையத்தாலும் பழைய லென்ஸைப் புதிய உடலில் தொலைதூரக் காட்சிக்குக் குவியப்படுத்த இயலாமல் போயிற்று. இன்றும் பழைய பொருள் விற்கும் கடைகளில் மினோல்ட்டா என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. அபெர்ச்சர் வளையம் இருந்தால் அது கையால் குவியப்படுத்தும் பழைய லென்ஸ். ஏ மவுண்டுக்கு மினோல்ட்டா செய்த ஆட்டோஃபோகஸ் ஜூம்களில் அந்த வளையம் கிடையாது.

அந்த முதல் வரிசையில் ஒன்றுதான் 70-210 மி.மீ. எஃப்/4. உருளையான உருவமும் கையில் உணரும் கனமும் கொண்டிருந்ததால், ஆங்கிலம் பேசும் படக்காரர்கள் அதற்குப் பீர் டப்பா என்று பெயரிட்டார்கள். எடை 695 கிராம், வடிகட்டி வளையம் 55 மி.மீ., ஜூமின் எந்த நிலையிலும் மாறாத எஃப்/4 துளை, உலோகக் குழல். அக்காலத்து மினோல்ட்டா ஜூம்கள் வண்ணத்தை ஒன்றுக்கொன்று ஒத்த சாயலில் தந்ததும், குவியத்துக்கு வெளியே உள்ள பின்னணியை இதமாகக் கரைத்ததும் பின்னாளில் பெரிதாகப் பேசப்பட்டன. இந்தப் புகழில் மிகையும் கலந்திருக்கிறது: முழுத்துளையில் பிரகாசமான விளிம்புகளைச் சுற்றி ஊதா நிறம் கசிவது இதன் அறிந்த குறை, குவியத்தைத் தேடி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அது இரைச்சலோடு ஓடுவதும் பொறுமையைச் சோதிக்கும். ஆயினும் 1985இல் ஒரு நிறுவனம் தன் புதிய அமைப்பை நிலைநாட்டுவதற்காகச் செலவைப் பாராமல் செய்த பொருள் அது என்பதைக் கையில் எடுத்தவுடன் உணர முடியும்.

நிக்கான் வேறு வழியில் சென்றது. 1986இல் வெளிவந்த எஃப்501 உடலில் மினோல்ட்டாவைப் போலவே மோட்டார் உடலுக்குள் வைக்கப்பட்டது, ஆனால் 1959இல் பிறந்த எஃப் மவுண்ட் அப்படியே காக்கப்பட்டது. பழைய வாடிக்கையாளர்களை இழக்கக் கூடாது என்ற இந்த நிலைப்பாடு நன்றியோடு நினைக்கப்பட்டாலும், அதன் விளைவாக அந்த மவுண்டின் மேல் அடுத்தடுத்து ஏற்றப்பட்ட அடுக்குகளே இன்று வாங்குபவரைக் குழப்புகின்றன. முதலில் வந்தவை ஏஎஃப். 1992இல் தொலைவுத் தகவலை உடலுக்குச் சொல்லும் டி வகை வந்தது. 1990களில் மோட்டார் லென்ஸுக்குள் நுழைந்து ஏஎஃப்-எஸ் ஆயிற்று. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் அபெர்ச்சர் வளையம் நீக்கப்பட்டு ஜி வகை பிறந்தது. எஃப்4, எஃப்90, எஃப்5, எஃப்100 போன்ற உடல்கள் ஏஎஃப்-எஸ் லென்ஸைக் குவியப்படுத்தும். எஃப்501, எஃப்601, எஃப்801 ஆகியவற்றால் இயலாது. வளையமில்லாத ஜி லென்ஸை, துளையை உடலிலிருந்து மாற்ற வழியில்லாத பழைய உடலில் மாட்டினால், துளையை உடலே தேர்ந்தெடுக்கும் தானியங்கி முறைகளில் மட்டுமே அது பயன்படும். துளையை மின்சாரத்தால் இயக்கும் பிற்கால இ வகையோ ஃபிலிம் உடல் எதிலும் துளையைச் சுருக்காது. ஆகவே நிக்கான் ஃபிலிம் உடலுக்கு ஜூம் தேடுபவருக்கு, பிளவும் வளையமும் இரண்டும் உள்ள ஏஎஃப் அல்லது டி வகை லென்ஸே ஐயமற்ற தேர்வு. 1987இல் வந்த 35-70 மி.மீ. எஃப்/2.8 இவ்வகையில் தனித்துச் சொல்லத்தக்கது. முன்னும் பின்னும் தள்ளி ஜூம் செய்யும் அந்த லென்ஸ் இன்றும் கூர்மைக்குக் குறைவில்லாதது, ஆனால் அதன் உட்புறக் கண்ணாடியில் வெண்புகை படிந்ததுபோல் மூட்டம் உண்டாவது பரவலாக அறியப்பட்ட நோய். சிறு விளக்கை ஒரு முனையில் பிடித்து மறு முனையிலிருந்து பார்க்காமல் அதை வாங்குவது துணிச்சல்.

கேனான் 1987 மார்ச்சில் எடுத்த முடிவு அக்காலத்தில் பலருக்குத் துரோகமாகத் தோன்றியது. 1971 முதல் விற்றுவந்த எஃப்டி மவுண்ட் லென்ஸ்களை ஒரே நாளில் பழசாக்கிவிட்டு, ஈஓஎஸ் 650 உடலும் ஈஎஃப் மவுண்டும் வந்தன. உடலுக்கும் லென்ஸுக்கும் இடையே தண்டு, நெம்புகோல், பற்சக்கரம் எதுவுமே இல்லை. குவியத்தை நகர்த்தும் மோட்டாரும் துளையைச் சுருக்கும் மோட்டாரும் லென்ஸுக்குள் இருக்க, மவுண்ட் வழியே கடந்து சென்றது மின்சாரம் மட்டுமே. டி80இல் தோற்ற அதே எண்ணத்தை, அதற்கென்றே வடிவமைத்த 54 மி.மீ. அகல மவுண்டில் மீண்டும் முயன்றார்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் அதற்கேற்ற மோட்டாரைத் தரலாம் என்பதே இதன் பலன். மீயொலி அதிர்வால் வளையத்தைச் சுழற்றும் யுஎஸ்எம் மோட்டார் அதே ஆண்டில் 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் தொடங்கி, 1990களில் நடுத்தர விலை ஜூம்கள் வரை இறங்கி வந்தது. ஓசையற்ற அந்த விரைவுக்கு முன் உடல்மோட்டார்காரர்கள் பல ஆண்டுகள் பின்தங்கியே இருந்தார்கள். பழைய லென்ஸ் வாங்குபவரின் கோணத்தில் பார்த்தால், எஃப்டி வாடிக்கையாளர்கள் அன்று பட்ட வேதனை பிறகு வந்தவர்களுக்கு வரமாயிற்று: கேனானின் எந்த ஈஎஃப் லென்ஸும் எந்த ஈஓஎஸ் ஃபிலிம் உடலிலும் குவியப்படுத்தும், துளையைச் சுருக்கும், நடுக்கம் தணிக்கும் வசதி இருந்தால் அதுவும் இயங்கும். விலக்கு ஒன்றே. 2003 முதல் சிறிய டிஜிட்டல் உணரிகளுக்காகச் செய்த ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபிலிம் உடலில் பொருந்துவதில்லை. நிக்கானிலும் ஏ மவுண்டிலும் அத்தகைய சிறுபரப்பு லென்ஸ்கள் பொருந்திவிடும் என்பதால் ஆபத்து அதிகம்: 36க்கு 24 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் மூலைகள் இருண்டுபோகும்.

ஹனிவெல்லின் கணக்கும் இடையில் தீர்க்கப்பட்டது. தன் காப்புரிமைகளை மீறியதாக 1987இல் அது மினோல்ட்டா மீது தொடுத்த வழக்கில் 1992இல் அமெரிக்க ஜூரி ஹனிவெல்லுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, மினோல்ட்டா 12.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

1990களின் நடுப்பகுதிக்குள் ஆட்டோஃபோகஸ் ஜூம் ஆடம்பரம் என்ற நிலை மாறி, உடலோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் பொருளாயிற்று. 28-80 மி.மீ. எஃப்/3.5-5.6 என்ற அளவு எல்லா நிறுவனங்களின் பட்டியலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இடம்பெற்றது. மவுண்ட் வளையம் கூட உலோகத்திலிருந்து பிளாஸ்டிக்காக மாறியது. இவற்றை ஒரேயடியாக இகழ்வது வழக்கமாகிவிட்டாலும் அது முழு நியாயமன்று. பகல் வெளிச்சத்தில் எஃப்/8 அளவுக்குத் துளையைச் சுருக்கி, அஞ்சலட்டை அளவில் அச்சிடும் படத்துக்கு இவை போதுமானவை. குறை தெரிவது திருமண மண்டபத்தில், மழை நாளில், மாலையில்: 400 வேக ஃபிலிமை ஏற்றிவிட்டால் நடுவில் டிஜிட்டலைப் போல் வேகத்தைக் கூட்ட முடியாது, எனவே எஃப்/5.6க்கும் எஃப்/2.8க்கும் இடையே உள்ள நான்கு மடங்கு ஒளி ஃபிலிமில் இன்னும் முழு மதிப்புடையது.

விலையை நிர்ணயிப்பதோ ஃபிலிம்காரரின் தேவையன்று, டிஜிட்டல் கேமராவின் வரலாறு. மினோல்ட்டா 2003இல் கோனிகாவுடன் இணைந்து, 2006இல் கேமராத் தொழிலை விட்டபோது, ஏ மவுண்ட் சோனியின் கைக்குச் சென்றது. அதே ஆண்டு சோனி தன் முதல் எஸ்.எல்.ஆரை வெளியிட, தூசு படிந்து கிடந்த பீர் டப்பா திடீரென்று தேடப்படும் பொருளாயிற்று. நிக்கான் அதே 2006இல் வெளியிட்ட டி40 என்னும் மலிவான டிஜிட்டல் உடலில் குவிய மோட்டாரையே வைக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து நிக்கானே கேனானின் பக்கம் சாய்ந்தது என்று இதை வாசிக்கலாம். பிளவு வைத்த நல்ல லென்ஸ்கள் புதிய வாடிக்கையாளர் ஒரு கூட்டத்துக்கு அதனால் பயனற்றுப்போயின, ஃபிலிம் உடல் வைத்திருப்பவருக்கோ அது ஆதாயம். 28 மி.மீ.யில் தொடங்கும் ஜூம்களின் மலிவுக்கும் இத்தகைய விளக்கமே பொருந்தும்: சிறிய டிஜிட்டல் உணரியில் அந்த 28, அகலக்கோணம் என்ற தன்மையை இழந்து ஏறத்தாழ 42 அல்லது 45 மி.மீ. போலச் சுருங்கிவிடுகிறது, ஃபிலிமிலோ அது வடிவமைப்பாளர் எண்ணிய அகலத்தை முழுதாகத் தருகிறது. 28-105 மி.மீ. எஃப்/3.5-4.5 என்ற அளவில் 1990களில் கேனானும் நிக்கானும் செய்த லென்ஸ்கள் இக்காரணத்தாலேயே தகுதிக்குக் கீழான விலையில் கிடைத்துவந்தன.

பொருளின் நலம் பார்ப்பதிலும் மோட்டார் இருந்த இடம் குறுக்கிடுகிறது. நிக்கான், மினோல்ட்டா லென்ஸ்களில் துளையை இயக்குவது மவுண்டில் தெரியும் நெம்புகோல். அதை விரலால் தள்ளிவிட்டு, துளையின் தகடுகள் சட்டென்று திரும்புகின்றனவா, அவற்றின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். கேனான் லென்ஸில் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. உடலில் மாட்டி, துளையைச் சுருக்கிக் காட்டும் பொத்தானை அழுத்தியே பார்க்க வேண்டும். ஜூம் செய்யும்போது வளைந்து வளைந்து உள்ளிருக்கும் மின்பட்டை அறுந்திருந்தால் முழுத்துளையில் நன்றாக இயங்கி, துளையைச் சுருக்கும் கணத்தில் முடங்கும். உள்ளே சில தூசுத் துகள்கள் இருப்பது படத்தைப் பாதிப்பதில்லை. சிலந்தி வலைபோல் படரும் பூஞ்சை அப்படியன்று. கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிட்டால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், தோல் உறைக்குள் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த லென்ஸில் பூஞ்சை இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. வெளித்தோற்றம் புதிது போலிருப்பது, அது வெளிச்சமே காணாமல் கிடந்தது என்பதற்கும் அடையாளமாகலாம்.

சிக்மா, டாம்ரான், டோக்கினா போன்ற பிற நிறுவனங்களின் லென்ஸ்கள் இந்த வரலாற்றில் ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கின்றன. கேனான் தன் மின்தொடர்பு மொழியை வெளியாருக்கு வழங்காததால், சிக்மா அதை ஆராய்ந்து ஊகித்தே ஈஎஃப் மவுண்டுக்கு லென்ஸ் செய்தது. பிற்கால உடல்கள் அந்த மொழியில் புதிய சொற்களைச் சேர்த்தபோது, பழைய சிக்மா லென்ஸ்கள் பல அவற்றைப் புரிந்துகொள்ளாமல் பிழைச் செய்தியோடு முடங்கின. டிஜிட்டல் உடலில் இயங்காது என்று எழுதி மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் அந்த லென்ஸ்களில் பல, தாங்கள் பிறந்த ஆண்டுகளைச் சேர்ந்த ஈஓஎஸ் ஃபிலிம் உடலில் மாட்டியதும் எந்தத் தகராறுமின்றிக் குவியப்படுத்துகின்றன.